மணி அடிக்காத மெயில்

“மதியமே மெயில் போட்டேனே சார், பார்க்கலையா?” என்று போனில் யாராவது கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். இன்பாக்ஸைத் திறந்தால் மெயில் பத்திரமாக இருக்கிறது. மதியமே வந்தும் இருக்கிறது. ஸ்கிரீனின் வலது ஓரத்தில் எட்டிப் பார்க்கும் சின்னப் பெட்டியும் ‘டிங்’ ஓசையும் மட்டும் வரவில்லை. நாற்காலியில் இருப்பவர் முதலில் இன்டர்நெட்டைச் சந்தேகிப்பார், அப்புறம் வைரஸை, கடைசியில் போன வாரம் கம்ப்யூட்டரைத் தொட்ட சர்வீஸ் பையனை.

பெரும்பாலும் மூவருமே நிரபராதிகள். மெயிலைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு வேலை, வந்ததைக் கூப்பிட்டுச் சொல்வது வேறு வேலை. இரண்டாவது வேலை தொடக்கத்திலிருந்தே அனுமதி பெற்றுத்தான் நடந்துவருகிறது. 1980இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வந்த 4.0 பிஎஸ்டி யூனிக்ஸில் ‘பிஃப்’ என்றொரு கட்டளை இருந்தது. அது அங்கே எல்லோருக்கும் பழக்கமான ஒரு நாயின் பெயர். தபால்காரரைக் கண்டால் அந்த நாய் குரைக்கும் என்று கதை பரவியது. நிரலை எழுதியவரே அதை மறுத்துவிட்டார். ‘பிஃப் ஒய்’ என்று அடித்தால் டெர்மினலின் அனுமதிக் குறிகளில் ஒன்று மாறும். மெயில் வந்ததும் பின்னணியில் ஓடும் இன்னொரு நிரல் அந்தக் குறியைப் பார்த்து, யாரிடமிருந்து என்ன வந்திருக்கிறது என்று திரையில் எழுதும். ‘பிஃப் என்’ அடித்தவருக்குத் திரை சும்மா கிடக்கும்.

அன்று ஒரே குறி. இன்று மெயில் மென்பொருளுக்கு ஒன்று, பிரவுசருக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. இவற்றில் ஒன்று மறுத்தாலும் சத்தம் வராது. ‘எரர்’ என்று எங்கேயும் காட்டவும் காட்டாது. யாரோ எப்போதோ சொல்லி வைத்தபடிதான் கம்ப்யூட்டர் நடந்துகொள்கிறது.

அனுபவப்பட்ட சர்வீஸ்காரர் முதலில் பார்ப்பது கடிகாரத்தின் பக்கத்தில். விண்டோஸ் 11இல் அங்கே ஒரு மணிச் சின்னம் ‘இசட்’ எழுத்துகளோடு தூங்கிக்கொண்டிருந்தால் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டிருக்கிறது என்று பொருள். யாரும் போடாமலே அது விழுவதும் உண்டு. கேம் ஆடும்போது, முழுத்திரையில் ஏதாவது ஓடும்போது, புரொஜெக்டரில் அதே திரையைக் காட்டும்போது தானாக அடங்கிவிடும்படி விதிகள் இருக்கின்றன. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சம்பள மெயில் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். ஆனால் வாடிக்கையாளர் பக்கம் இன்னொரு மானிட்டரைத் திருப்பி வைத்து, அதே திரையை நாள் முழுக்கக் காட்டும் பில்லிங் கவுன்டரில் அந்த நல்லெண்ணமும் நாள் முழுக்க நீடிக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் அந்த டிக்கை எடுத்தால் போதும். அதே பக்கத்தில் இருக்கும் பட்டியலில் அவுட்லுக்கோ குரோமோ அணைந்து கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது மெயில் மென்பொருள். பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போனால் ‘டிஸ்பிளே எ டெஸ்க்டாப் அலர்ட்’ என்ற டிக் இருக்கும். அது இருந்தும் சத்தமில்லையென்றால் ரூல்ஸைத் திறக்க வேண்டும். பேங்க் மெயில் கூட்டத்தில் தொலையக் கூடாது என்று கணக்குப் பிள்ளை அதற்குத் தனி ஃபோல்டர் வைத்து, வந்ததும் தானாக அங்கே போகும்படி ரூல் போட்டிருப்பார். அவுட்லுக்கின் வழக்கமான அலர்ட் இன்பாக்ஸுக்கு மட்டும்தான். ஆக, விளம்பரத்துக்கெல்லாம் மணி அடிக்கும். முக்கியம் என்று ஒதுக்கி வைத்த பேங்க் மெயில் மட்டும் ஓசைப்படாமல் வந்து உட்காரும். அந்த ரூலுக்குள்ளேயே அலர்ட் காட்டும்படி இன்னொரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

ஜிமெயிலை பிரவுசரில் பார்க்கிறவர்கள் கதை வேறு. ஜிமெயில் திறந்திருந்தால்தான் அலர்ட் வரும். அதன் செட்டிங்ஸில் மூன்று வாய்ப்புகள்: புதிய மெயில் எல்லாவற்றுக்கும், முக்கியமானவற்றுக்கு மட்டும், எதற்கும் வேண்டாம். அதற்கு மேல் பிரவுசரின் அனுமதி. கண்ட கண்ட தளமும் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?’ என்று நச்சரித்த காலத்தில், எரிச்சலில் ‘பிளாக்’ அழுத்திய விரல் ஜிமெயிலையும் சேர்த்து அழுத்தியிருக்கும். 2020 தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸ் 72 அந்தக் கேள்வியை முகவரிப் பட்டையின் ஒரு சின்னத்துக்குள் ஒதுக்கியது. குரோம் 80 தொடர்ந்து மறுப்பவர்களுக்கு அதை அடக்கி வாசித்தது. தொல்லை குறைந்தது. கேள்வியே கண்ணில் படாததால் ‘சரி’ சொல்லும் வாய்ப்பும் சிலருக்குக் குறைந்தது.

அலர்ட் வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது என்றால் இணைப்பைப் பார்க்க வேண்டும். சர்வரிலிருந்து மெயிலை எடுத்துவரும் பாப் என்ற முறையில் மென்பொருள்தான் குறித்த இடைவெளியில் போய் ‘ஏதாவது வந்ததா?’ என்று கேட்கும். இன்னொரு முறையான ஐமேப்பில் 1997இல் சேர்ந்த ‘ஐடில்’ வசதியால் சர்வரே கூப்பிட்டுச் சொல்லும். சும்மா இருக்கும் இணைப்பை அரை மணி நேரத்தில் சர்வர் துண்டித்துவிடலாம் என்பதால், 29 நிமிடத்துக்கு ஒரு முறையாவது அதைப் புதுப்பிக்கும்படி அந்த விதிமுறை சொல்கிறது. சில ரவுட்டர்கள் அவ்வளவு நேரம்கூடப் பொறுப்பதில்லை. இணைப்பு போனது தெரியாமல் மென்பொருள் காத்துக்கொண்டே இருக்கும்.

எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. வேறொரு முகவரியிலிருந்து ஒரு மெயில் அனுப்பிவிட்டு, அது எந்த ஃபோல்டரில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இன்பாக்ஸில் விழுந்தும் சத்தமில்லையென்றால் வேறு ஏதாவது செயலியின் அறிவிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் வராவிட்டால் விண்டோஸ். வந்தால் மெயில் மென்பொருள் அல்லது பிரவுசர்.

சரிசெய்து கொடுத்த மறுநாளே, “இந்த டிங்கைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?” என்று சர்வீஸ்காரருக்குப் போன் வருவதும் நடக்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கோஸ்டாடின் குஷ்லெவும் எலிசபெத் டன்னும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 124 பேர் ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்த்தார்கள், இன்னொரு வாரம் இஷ்டம்போலப் பார்த்தார்கள். மூன்று முறையோடு நிறுத்திய வாரத்தில் அவர்களுக்கு மன அழுத்தம் குறைவாக இருந்தது.

விவரம் தெரிந்த சர்வீஸ்காரர் இதனால் டிக்கைப் போடுவதற்கு முன்பே, “யார் யார் மெயிலுக்கு மணி அடிக்கணும்?” என்று கேட்டுவிடுகிறார். ஆப்பிள் கம்ப்யூட்டரின் மெயிலில் அவர்களை விஐபி பட்டியலில் சேர்க்கலாம். அவுட்லுக்கில் அவர்கள் பெயருக்கு மட்டும் ரூல் போடலாம். இன்பாக்ஸில் ஆயிரக்கணக்கில் மெயில் வைத்திருப்பவர்கூட முதலாளி, பேங்க், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று மூன்று பெயர் சொன்னதும் நிறுத்தி யோசிக்க ஆரம்பிக்கிறார்.