ஸ்கேனில் தெரியாத சுரப்பி

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்களே டாக்டர், பொறவு எதுக்கு ஆபரேஷன்?" தாராவி, மாட்டுங்காவிலிருந்து வரும் நம்மவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி.

கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பெரும்பாலோருக்கு நான்கு. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு. ஒன்று பெருத்து ஹார்மோனைக் கொட்டினால் எலும்பின் கால்சியம் ரத்தத்தில் கரையும். சிறுநீரகத்தில் கல் சேரும். நோயை உறுதி செய்வது ரத்தப் பரிசோதனை. ஸ்கேன், சுரப்பி எங்கே என்று வழி சொல்ல மட்டுமே. ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகிவிடாது.

எனவே கருவில் சுரப்பி வந்த வழியைப் பிடித்துத்தான் தேடுகிறோம். மேல் ஜோடி அதிக தூரம் நகர்வதில்லை. நகர்ந்தால் உணவுக்குழாயின் பின்னால் சரிந்திருக்கும். கீழ் ஜோடி தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து இறங்குவது. பாதியில் நின்றால் தாடையடி, தவறிப் போனால் நெஞ்சுக்கூடு. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் இந்த நோயால் உயரமே குறையுமளவு எலும்பு நலிந்தவர். கழுத்தில் திரும்பத் திரும்பத் தேடியும் கிடைக்காத கட்டி, 1932இல் ஏழாவது ஆபரேஷனில் நெஞ்சுக்குள் அகப்பட்டது. அப்போது ஸ்கேன் ஏது! இன்று ஸ்கேனுக்கு டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருள் இருக்கிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம், பரேலில் கதிரியக்க மருத்துவ மையத்தை 1963இலேயே தொடங்கிவிட்டது.

கழுத்தைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது சுரப்பியை அல்ல, குரல் நரம்பை. அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் மேல் சுரப்பி, முன்னால் இருப்பது கீழ். ஒரு சொட்டு ரத்தம் கசிந்தாலும் போச்சு. பழுப்புச் சுரப்பியும் மஞ்சள் கொழுப்பும் ஒரே நிறமாகிவிடும். சந்தேகத் துணுக்கைச் சலைனில் போட்டால் கொழுப்பு மிதக்கும், சுரப்பி அமிழும். பழைய வித்தைதான், ஆனாலும் கைகொடுக்கும். பிறகு நோயியல் மருத்துவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். இந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். கட்டியை எடுத்த பத்து நிமிடத்தில் அளவு பாதிக்குக் கீழே இறங்கினால் தையல் போடலாம். இறங்காவிட்டால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. கழுத்தில் முறையாகத் தேடாமல் நெஞ்சைத் திறப்பது எனக்கு உடன்பாடில்லை. தைமஸின் மேல்நுனியைக் கழுத்து வழியாகவே இழுத்துப் பார்த்துவிடலாம்.

வெயில் எட்டாத சந்துகளில் வைட்டமின் டி குறைவு சகஜம். அது இந்த நோயில் எலும்பை மேலும் அரிக்கும். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதுபோலவும் காட்டி ஏமாற்றும். ஆகவே சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் கல்லை உடைத்ததோடு விட்டுவிடாதீர்கள். கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி மூன்றையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.