பிரிதலும் ஊடலும்

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டிய சொற்களுள் 'நாடு' என்பதும் ஒன்று. அங்கே அது தேசத்தைக் குறிப்பதில்லை. ஊர்கள் சில சேர்ந்த ஒரு சிறு வட்டாரமே நாடு. நாடுகள் பல கூடியது வளநாடு. அதற்கும் மேலே மண்டலம். 'மாநிலம்' என்னும் சொல்லோ பழைய இலக்கியத்தில் இப்பரந்த உலகம் முழுவதையும் குறித்து நின்றது. இன்று மாநிலம் ஒரு பகுதி. நாடு அதனை உள்ளடக்கிய முழுமை. காலப்போக்கில் இரு சொற்களும் தம் அளவுகளை மாற்றிக்கொண்டுவிட்டன.

சொல்லாராய்ச்சிக்காக இதைக் கூறவில்லை. ஒரு மாநிலம் தன் நாட்டிலிருந்து பிரிந்து போகலாமா என்னும் கேள்வி எழும்போதெல்லாம் இரு தரப்பினரும் எல்லைகளை என்றும் உள்ளவை என்பதுபோலவே பேசுகின்றனர். ஒருவருக்கு நாட்டின் எல்லை தெய்வம் வகுத்தது. மற்றவருக்கு இனத்தின் எல்லை இயற்கை வகுத்தது. இரண்டும் மனிதர் வகுத்தவையே என்று ஒப்புக்கொண்ட பின்னர்தான் நிறுத்துப் பார்க்கவே இயலும். அவ்வாறு நிறுத்துப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பொருத்தமானது கனடாவின் கியூபெக் மாகாணம். அங்கே வழக்கின் மையம் மொழி, தீர்ப்பு வழங்கியது வாக்குச்சீட்டு, அதுவும் இருமுறை. தமிழ் கற்பித்துப் பிழைக்கும் எனக்கு இதைவிட நெருக்கமான அயல்நாட்டு வழக்கு வேறில்லை.

கியூபெக்கின் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1759இல் கியூபெக் நகருக்கு வெளியே நடந்த போரில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி அந்நிலம் பிரித்தானியருக்குக் கைமாறியது. மன்னர் மாறினார், மக்கள் மாறவில்லை. 1774இல் இயற்றப்பட்ட கியூபெக் சட்டம் அவர்களுடைய கத்தோலிக்க வழிபாட்டையும் பிரெஞ்சு உரிமையியல் முறையையும் ஏற்றுக்கொண்டது. 1867இல் கனடா கூட்டாட்சியாக உருவானபோது கியூபெக் அதன் நான்கு தொடக்க மாகாணங்களுள் ஒன்றாயிற்று. சட்டப்படி குறையொன்றும் இல்லை. வாழ்க்கையில் குறை இருந்தது.

1960கள் வரையில் மாண்ட்ரியால் நகரின் பெரிய நிறுவனங்களில் முதலாளியின் மொழி ஆங்கிலம்; தொழிலாளியின் மொழி பிரெஞ்சு. இருமொழி, இருபண்பாடு குறித்து ஆராய அந்தப் பத்தாண்டில் அமைக்கப்பட்ட அரச ஆணையம், கியூபெக் மக்களை வம்சாவளிப்படி வகைப்படுத்தி வருவாயை ஒப்பிட்டது. தம் சொந்த மாகாணத்திலேயே பிரெஞ்சு வம்சாவளியினர் அப்பட்டியலின் அடித்தளத்துக்கு அருகில் இருந்தனர். பொது இடத்தில் பிரெஞ்சு பேசினால், 'வெள்ளையரின் மொழியைப் பேசு' என்று அதட்டும் வழக்கமும் உண்டு. அந்த வசையையே தலைப்பாக்கி மிஷேல் லலோந்த் என்னும் பெண் கவிஞர் 1968இல் 'ஸ்பீக் ஒயிட்' என்ற கவிதையை எழுதினார். 1970இல் மாண்ட்ரியாலில் நடந்த கவிதை இரவில் அவர் அதை வாசித்தது இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. தாய்மொழி பேசியதற்காக அவமானப்பட்டவர் எவருக்கும் அந்தத் தலைப்பின் எரிச்சல் விளக்கமின்றியே புரியும்.

அந்த 1970இலேயே மற்றொரு பாதையும் முயன்று பார்க்கப்பட்டது. கியூபெக் விடுதலை முன்னணி என்ற தலைமறைவுக் குழு பிரித்தானிய வணிக ஆணையர் ஜேம்ஸ் கிராஸையும் மாகாண அமைச்சர் பியேர் லபோர்ட்டையும் கடத்தியது, லபோர்ட் கொல்லப்பட்டார். கனடிய அரசு போர்க்காலச் சட்டத்தைப் பிறப்பித்து ஏறத்தாழ 500 பேரைக் கைது செய்தது. அவர்களுள் பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. இரு பக்கமும் இருள் கவிந்த அந்த அக்டோபர் மாதத்திலிருந்து கியூபெக் மீண்டு வந்ததற்குக் காரணம், பிரிவினையை வாக்குச்சீட்டின் மூலம் கேட்கும் கட்சி ஒன்று ஏற்கெனவே இருந்ததுதான். ரெனே லெவெக் 1968இல் தொடங்கிய கியூபெக் கட்சியைத்தான் சொல்கிறேன். துப்பாக்கி தேவைப்படாதவாறு ஒரு வாசல் திறந்திருந்தது.

அக்கட்சி 1976இல் மாகாண ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு மொழிச் சாசனம் என்னும் 101ஆம் சட்டத்தை நிறைவேற்றியது. பணியிடத்தின் மொழி பிரெஞ்சு. கடைப்பலகையின் மொழி பிரெஞ்சு. புதிதாகக் குடியேறுவோரின் பிள்ளைகள் பயில்வதும் பிரெஞ்சுப் பள்ளியில். இதற்கு விலையும் இருந்தது. சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமையகத்தை டொராண்டோவுக்கு மாற்றப்போவதாக 1978இல் அறிவித்தது. ஆங்கிலேயர் பலரும் வெளியேறினர். ஆயினும் மொழி நிலைபெற்றது. பின்னர் 1980 மே 20 அன்று, கனடாவுடன் பொருளாதாரக் கூட்டுறவோடு கூடிய இறைமைக்குப் பேச்சு நடத்த லெவெக் மக்களிடம் அனுமதி கேட்டார். வேண்டாம் என்றோர் 59.56 விழுக்காட்டினர்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. மொழிக்குக் காப்பு வேண்டும் என்பதே பிரிவினைக்கான முதன்மைக் காரணம். பிரிவினைக் கட்சி ஆட்சிக்கு வந்து அந்தக் காப்பை நாட்டுக்குள்ளிருந்தபடியே ஈட்டிக் கொடுத்துவிட்டது. அதனால் பிரிவதற்கான தேவை குறைந்தது. கோரிக்கையின் வெற்றியே கோரிக்கையைத் தளர்த்தியது.

என்னோடு முதுகலை பயின்ற நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அவருடைய தமக்கையார் 1980களின் பிற்பகுதியில் மாண்ட்ரியாலில் குடியேறினார். பகலில் தொழிற்சாலை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு என்று வாழ்ந்தவர். 101ஆம் சட்டத்தின்படி அவருடைய பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குச் சென்றார்கள். இன்று தமக்குள் பிரெஞ்சிலேயே பேசிக்கொள்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் இரண்டாம் வாக்கெடுப்பில் வாக்களித்தவர் என்பதால், ஒருமுறை தொலைபேசியில் அவரிடம் கேட்டேன். "நான் வேண்டாமெண்டுதான் போட்டனான் தம்பி. ஒருக்கா நாடு இல்லாமல் போனவளுக்கு இன்னொருக்கா நாடு மாறுறது லேசில்லை" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா அவையள் கேக்கிறது எனக்கு விளங்காமலில்லை. அதைத்தானே நாங்களும் கேட்டனாங்கள்" என்றார். இந்த இரு வாக்கியங்களுக்கும் இடையில்தான் இவ்விவகாரம் முழுவதும் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த இரண்டாம் வாக்கெடுப்பு ஏன் வந்தது? 1982இல் கனடா தன் அரசமைப்பைப் பிரித்தானியாவிடமிருந்து முழுமையாகப் பெற்றுக்கொண்டபோது கியூபெக் அரசு அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அந்த ஒப்புதல் இல்லாமலேயே அது நிறைவேறியது. கியூபெக்கைத் தனித்தன்மை வாய்ந்த சமூகமாக ஏற்கும் மீச் ஏரி உடன்பாடு 1990இல் முறிந்தது. மாற்றாக வந்த ஷார்லட்டவுன் உடன்பாடு 1992இல் நாடு தழுவிய வாக்கெடுப்பில் தோற்றது. மொழிக்குக் காப்பு கிடைத்துவிட்டது, மதிப்பு கிடைக்கவில்லை. மனிதர் வயிற்றுக்காக மட்டும் பிரிவதில்லை, மதிக்கப்படாமைக்காகவும் பிரிகிறார்கள்.

1995 அக்டோபர் 30. வாக்களித்தோர் 93.52 விழுக்காட்டினர். பிரிவு வேண்டாம் என்றோர் 50.58, வேண்டும் என்றோர் 49.42. வேறுபாடு 54,288 வாக்குகள். செல்லாத வாக்குகளோ 86,000க்கும் மேல். ஒரு நாட்டின் உயிர், செல்லாத வாக்குகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்த வேறுபாட்டில் ஊசலாடியது. அன்றிரவு தோல்வியை ஏற்றுப் பேசிய மாகாண முதல்வர் ழாக் பாரிசோ, பணமும் சிறுபான்மை இனத்தாரின் வாக்குகளும் தம்மைத் தோற்கடித்துவிட்டன என்னும் பொருளில் கூறினார். மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். அவர் சுட்டிய அந்த வாக்குகளுள் நண்பரின் தமக்கையார் அளித்த வாக்கும் ஒன்று. பிரெஞ்சு கற்று, பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பி, வரி செலுத்தி வாழ்ந்தவர் அந்த ஒரு வாக்கியத்தால் மீண்டும் அந்நியரானார்.

இதற்கு ஆறு நாள் முன்னர் நடந்ததையும் நாம் மறக்கலாகாது. கியூபெக்கின் வடபகுதியில் வாழும் கிரீ பழங்குடியினர் அக்டோபர் 24 அன்று தமக்கெனத் தனி வாக்கெடுப்பு நடத்தினர். எங்கள் ஒப்புதல் இன்றி எங்களையும் எங்கள் நிலத்தையும் கனடாவிலிருந்து பிரிக்கலாமா என்பது கேள்வி. 96 விழுக்காட்டினர் கூடாது என்றனர். கனடாவைப் பிரிக்கலாம் என்றால் கியூபெக்கையும் பிரிக்கலாம் என்பது அவர்கள் வாதம். பிரிவினை பேசுவோர் எவரும் எளிதில் விடைசொல்ல முடியாத வாதம் இது. நேற்றுவரை சிறுபான்மையாக இருந்தோர் பெரும்பான்மையானதும், தம் மடியில் உள்ள சிறுபான்மையிடம் எந்த மொழியில் பேசப்போகிறார்கள் என்பதே அவர்களை அளக்கும் அளவுகோல்.

இவ்வளவுக்கும் பின்னர் கனடிய உச்ச நீதிமன்றம் 1998 ஆகஸ்டில் ஒரு கருத்துரை வழங்கியது. கியூபெக் தன்னிச்சையாகப் பிரிந்து செல்ல அரசமைப்பிலோ பன்னாட்டுச் சட்டத்திலோ உரிமை இல்லை என்றது. அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மையினர் ஆம் என்று விடையளித்தால், பேச்சுவார்த்தைக்கு உட்காரும் கடமை கனடாவுக்கு உண்டு என்றும் கூறியது. சிறுபான்மையினரைக் காப்பது அரசமைப்பின் அடிப்படை நெறிகளுள் ஒன்று என்றும் நினைவூட்டியது. கதவைப் பூட்டவும் இல்லை, பெயர்த்தெறியவும் இல்லை; கதவைத் திறக்கும் முறையைச் சொன்னது. பிரிவினை பற்றி நான் படித்த அரச ஆவணங்களுள் இவ்வளவு நிதானமான ஒன்றைக் கண்டதில்லை.

நான் அங்கே குடிமகனாக இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பேன்? 1970க்கு முந்திய மாண்ட்ரியாலில் என்றால், தயங்காமல் வேண்டும் என்றிருப்பேன். 1995இல், வேண்டாம் என்றுதான் வாக்களித்திருப்பேன். பிரெஞ்சுக்காரரின் சினம் நியாயமானது என்ற எண்ணத்தோடே அதைச் செய்திருப்பேன். காரணம் மூன்று. முதலாவது, பிரிந்து பெற வேண்டியதில் மிகப் பெரும்பகுதியை அவர்கள் பிரியாமலே பெற்றுவிட்டனர். இரண்டாவது, கிரீ மக்களுக்கு அவர்களிடம் விடை இல்லை. மூன்றாவது, மீள முடியாத ஒரு செயலைப் பாதிக்குப் பாதி பிளந்து நிற்கும் மக்களின் தலையில் சுமத்துவது அறமாகாது.

மொழிக்கென்று ஓர் அரசு இல்லாவிடில் மொழி அழியும் என்பார் உண்டு. தமிழ் இலக்கிய வரலாறு அதனை முழுமையாக ஏற்க விடாது. சிலப்பதிகாரத்தின் கதை சோழ நாட்டில் தோன்றி, பாண்டிய நாட்டில் எரிந்து, சேர நாட்டில் வழிபாடாகிறது. மூன்று அரசுகள், மூன்று கொடிகள், தமிழ் ஒன்றே. ஆனால் இதையே சொல்லி எவரும் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். அக்காலத்தில் பள்ளிக்கூடத்தின் பயிற்று மொழியை அரசாணை தீர்மானிக்கவில்லை. இன்றைய மொழிக்குத் தனிநாடு இல்லாமலிருக்கலாம். அதிகாரம் இல்லாமல் முடியாது.

நம் வரலாறும் இதனை உறுதி செய்கிறது. இந்தியா 1963இல் பதினாறாம் திருத்தத்தின் மூலம் பிரிவினை பேசித் தேர்தலில் நிற்பதைத் தடுத்தது. திமுக திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் கதவு மூடப்பட்டது. ஆனால் மொழிவழி மாநிலங்கள் 1956இலேயே அமைந்திருந்தன. அதே கட்சி 1967இல் ஆட்சிக்கு வர முடிந்தது. 1969இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட முடிந்தது. இலங்கையில் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின்னர், 1957இல் கையெழுத்தான பண்டா–செல்வா ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. சிறியவை மறுக்கப்பட்ட பிறகுதான் 1976இல் வட்டுக்கோட்டையில் பெரியது கேட்கப்பட்டது. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம் பிரிவினையைக் கைவிடும் உறுதிமொழியைக் கட்டாயமாக்கியது. அதனை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற இருக்கைகளை இழந்தனர். வாக்குச்சீட்டால் கேட்டவர்களின் வாய் அடைக்கப்பட்டது. பிறகு 2009 மே வரையில் பேசியது எது என்பதை நாமறிவோம்.

அகத்திணை மரபில் பிரிதல் பாலைக்கு உரியது. ஊடல் மருதத்துக்கு உரியது. ஊடுபவர் வாயிலை அடைத்துக்கொண்டாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். தம் சொல் கேட்கப்படும் என்னும் நம்பிக்கையில்தான் ஊடல் நிகழ்கிறது; அந்த நம்பிக்கை அற்றுப்போனவர்க்கு எஞ்சுவது பாலை வழியே. கியூபெக் இன்னும் ஊடிக்கொண்டிருக்கிறது. 1982ஆம் ஆண்டு அரசமைப்புக்கு அது இன்றுவரை முறைப்படி ஒப்புதல் தரவில்லை. ஆயினும் கனடா இருக்கிறது, பிரெஞ்சும் இருக்கிறது. பிரிவினைக் குரல் எழும் இடங்களில், பிரியலாமா கூடாதா என்று கேட்பதற்கு முன்னர், அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டவர் யாரேனும் உண்டா என்று கேட்கலாம். பெரும்பாலான வழக்குகளில் தீர்ப்பு அந்த விடையிலேயே அடங்கியிருக்கும்.