தெரிந்தே தோற்ற ஆட்டங்கள்

கூடாத சகவாசத்தால்தான் நான் கெட்டேன் என்று அம்மா இன்றும் நம்புகிறார். அப்படி நம்ப வைத்தவன் நான்தான். என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், சென்னையில், கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் இருந்த பூல் பார்லருக்கு நானாகத்தான் படியேறினேன்.

கேரம் ஆடத் தெரிந்த திமிர் இருந்தது. எங்கள் தெருவில் என்னை ஜெயிக்க ஆளில்லை. அந்தத் திமிர் ஒன்பதடி டேபிளில் செல்லுபடியாகவில்லை. போனவன் வந்தவனிடமெல்லாம் தோற்றேன். தோற்றவன்தான் டேபிள் காசு கொடுக்க வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். அப்போதே விட்டிருக்கலாம். விடாமல் போனதற்கு ஒரே ஒரு அடிதான் காரணம்.

டேபிளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன், கூட்டமில்லாத ஒரு மத்தியானம் சொல்லிக்கொடுத்தார். "வெள்ளைப் பந்தோட நடுவுக்குக் கொஞ்சம் கீழ குத்து தம்பி. தள்ளக் கூடாது, குத்தணும்." குத்தினேன். எதிரே நேராக நின்ற பந்து குழியில் விழுந்தது. வெள்ளை, மோதிய இடத்திலேயே ஆணி அடித்தாற்போல் நின்றது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை, பிளஸ் டூ இயற்பியல்தான். ஏறக்குறைய ஒரே எடையுள்ள பந்துகள் நேருக்கு நேர் மோதினால் முதல் பந்தின் வேகம் அடுத்ததற்குப் போய்விடும். ஆனால் உருண்டு வந்த பந்துக்குச் சுழற்சி மிச்சமிருக்கும். அதனால் மோதிய பிறகும் முன்னால் ஊரும். கீழே குத்தினால் பந்து பின்சுழற்சியோடு சறுக்கிக்கொண்டு கிளம்பும். துணியின் உராய்வு அந்தச் சுழற்சியைச் சரியாகத் தீர்த்து முடிக்கும் நேரத்தில் மோதல் நடந்தால், வெள்ளை அசையாது. இயற்பியலில் அரியர் வைத்திருந்த எனக்கு இது கையிலேயே புரிந்தது. அன்று முதல் அந்த நிற்றலுக்காகத்தான் அலைந்தேன். கண்ணை மூடினால்கூடப் பச்சைத் துணிதான் தெரியும். வகுப்பு போயிற்று, வருகைப்பதிவு போயிற்று, அரியர் தேர்வுக்குக் கட்ட வேண்டிய ஃபீஸும் அங்கேயே போயிற்று.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். என் சட்டையில் ஒட்டியிருந்த நீலச் சாக் தூளைப் பார்த்துக் கேட்டார். நான் சரித்திரத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி உருவாக்கிய ஸ்னூக்கருக்கு விதிகள் எழுதப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான் என்றேன். 1958இல் பில்லியர்ட்ஸில் உலகப் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸைச் சொன்னேன். 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் கீத் சேத்தியும் அசோக் சாண்டில்யாவும் பில்லியர்ட்ஸ் தங்கம் வாங்கியபோது, பேப்பரை வெட்டி அப்பாவின் மேஜை மேல் வைத்தேன். எல்லாமே உண்மை. அவர்கள் ஆடியது பன்னிரண்டடி டேபிளில் வேறு ஆட்டம், நான் ஆடுவது காசுக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. "கோச்சிங் ஃபீஸ்" என்று கேட்டதும் கொடுத்தார். பொய்யை மட்டும் வைத்து அவரிடம் காசு பெயர்ந்திருக்காது.

இதுவரை சொன்னதைக் கூச்சமில்லாமல் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சொல்லாத பாகம் ஒன்று உண்டு.

வெள்ளையை நிறுத்தத் தெரிந்தவனுக்கு, அதை நிறுத்தாமல் விடவும் தெரியும். நடுவுக்கு மேலே குத்தினால், விழுகிற பந்தின் பின்னாலேயே வெள்ளையும் போகும். பூலில் கடைசியாகப் போட வேண்டிய கருப்போடு வெள்ளையும் விழுந்தால் ஆட்டம் அவுட். பார்க்கிறவனுக்கு அது என் கெட்ட நேரம். புதிதாக வருகிற பையன்களிடம் இப்படித்தான் தோற்றேன். தலையில் அடித்துக்கொள்வேன், "ச்சே!" என்பேன். அவர்களே பந்தயத்தை ஏற்றுவார்கள். ஏற்றிய பிறகு வெள்ளை நின்றுவிடும். பசிக்காகச் செய்தேன் என்று சொல்ல வழியில்லை, வீட்டில் மூன்று வேளையும் சோறு இருந்தது. எதிராளியின் முகம் மாறுவதைப் பார்ப்பதில் ஒரு ருசி கண்டிருந்தேன். பழக்கம் என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். பூல்மேல் பழி போடுவது அந்த ஆட்டத்துக்கு அநியாயம்.

ஹாஸ்டலில் இருந்து வந்த ஒரு முதலாமாண்டுப் பையன், மெஸ் பில் கட்ட வைத்திருந்த பணம் முழுவதையும் ஒரே சாயங்காலத்தில் என்னிடம் விட்டான். அது மெஸ் பணம் என்று எனக்கு முன்பே தெரியும், அவனே சொல்லியிருந்தான். "நாளைக்கு ஜெயிச்சுடுவேண்ணா" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினான். மறுநாள் வரவில்லை. நான் தேடவும் இல்லை.

தம்பி, நீ ஜெயித்ததாக நினைத்த ஆட்டங்களை நான்தான் விட்டுக்கொடுத்தேன். கடைசி ஆட்டம் உன் துரதிர்ஷ்டம் அல்ல, என் கணக்கு. இதைப் படித்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுது. உன் பணம் வட்டியோடு வந்து சேரும்.