இரண்டு புள்ளிகள்

ஜேர்மனியிற் குடியேறிய எம்மவர்க்கு அந்நாட்டு மொழியின் இலக்கணத்தை விடவும் தொல்லை தருவன இரண்டு உயிரோசைகள். உகரத்துக்கும் ஒகரத்துக்கும் உரிய தம் எழுத்துகளின் தலைமேல் இரண்டு புள்ளிகள் இட்டு அவர்கள் எழுதும் ஓசைகளையே குறிப்பிடுகிறோம். தாய் ஒருத்தியை ‘முற்றர்’ என்பர். தாய்மார் பலராயின் அவ்வுகரம் புள்ளி பெற்று வேறோர் ஓசையாகிவிடும். தமிழில் எழுதப் புகுந்தால் இரண்டையும் ‘முற்றர்’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. எம்மவர் வாயிலும் பெரும்பாலும் அப்படியே வருகிறது. தப்பினால் ‘மிற்றர்’ ஆகிறது.

இது சிறிய விடயமன்று. பிள்ளைகள் இவ்வோசைகளைப் பாலர் பாடசாலையிலேயே பிடித்துக்கொள்கின்றனர். பெற்றோர் வாய் திறந்ததும் திருத்துகின்றனர். சில வேளை சிரித்தும் விடுகின்றனர். அதன்பின் பெற்றோர் கூட்டத்திலும் வைத்தியரிடத்திலும் தாய் வாளாவிருக்கப் பிள்ளையே பேசுகிறது. ஊரிலே நாலு பேருக்கு நியாயம் சொன்னவர்கள் இரண்டு புள்ளிகளுக்கு அஞ்சி வாய்மூடி இருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

நாம் டொச் வகுப்புக்குச் சென்ற காலத்தில் ஆசிரியை, “நன்றாகக் கேட்டு அப்படியே சொல்லுங்கள்” என்பார். கேட்டோம், சொன்னோம், உகரமே வந்தது. பழகிய மொழியின் ஓசைகளுக்குள்ளேயே புதிய ஓசையையும் அடக்கிக் கேட்பது செவியின் இயல்பு. ஆகவே செவியை விட்டு வாயைக் கவனிப்பதே நல்வழி. தொல்காப்பியர் பிறப்பியலில் அதைத்தான் செய்தார். அகரம் வாயைத் திறப்பதாலும், இகர எகரங்கள் நாவிளிம்பு பல்லைச் சார்வதாலும், உகர ஒகரங்கள் இதழ் குவிவதாலும் பிறப்பன என்று வகுத்தார்.

குரல்நாண்கள் எழுப்புவது வண்டின் இரைச்சல் போன்ற ஒன்றே. அதை ஈ என்றும் ஊ என்றும் வேறாக்குவது வாயினுள் இருக்கும் காற்றின் பரிவு. போத்தலில் நீர் நிரம்ப நிரம்ப ஓசை ஏறுவதைக் கேட்டிருப்போம். காற்றறை சிறுத்தால் ஓசை உயரும். ஈகாரத்தில் நா முன்னே எழுந்து, தனக்கு முன்னால் சிற்றறை ஒன்றையே விட்டுவைக்கிறது. ஆண்குரலில் அதன் இரண்டாம் பரிவு செக்கனுக்கு ஏறத்தாழ 2,200 அதிர்வுகள். ஊகாரத்தில் நா பின்வாங்க, இதழ்கள் குவிந்து நீள, அது 800 அளவுக்கு இறங்கிவிடுகிறது. குரலை எழுப்பாமல் இரகசியம் பேசுவதுபோல ‘ஈ, ஊ’ என்று சொல்லிப் பாருங்கள். குரல்நாண் அதிராத போதும் ஒன்று உயர்ந்தும் மற்றையது தாழ்ந்தும் கேட்கும். ஜேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் உயிரோசைகளை இவ்வாறு பரிவுகளைக் கொண்டே விளக்கினார்.

இனி அந்தப் புள்ளி பெற்ற உகரம். நா ஈகாரத்தின் இடத்தில் நிற்க, இதழ் மட்டும் ஊகாரமாகக் குவிவதே அது. இரண்டாம் பரிவு ஈகாரத்திலிருந்து சற்று இறங்கினாலும் ஊகாரத்தின் அளவுக்கு ஒருபோதும் போகாது. நாவையும் இதழையும் இப்படிப் பிரித்து நடத்த எமக்கு வராது என்று சொல்வோர் உளர். நாம் அதை ஒப்போம். ‘காசு’, ‘பாட்டு’ என்னும் சொற்களின் ஈற்றிலுள்ள குற்றியலுகரத்தைக் கவனியுங்கள். நா உகரத்தை நாடினாலும் இதழ் குவிவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எமது பாட்டிமாரும் நாள் முழுவதும் செய்த வேலை இது. ஜேர்மானியர் கேட்பது இதன் மறுதலை, அவ்வளவே.

கண்ணாடி முன் நின்று ஈகாரத்தை நீட்டுங்கள். நாவை அசைக்காமல் இதழை மட்டும் குவியுங்கள். ஏகாரத்தை நீட்டி ஓகாரத்தின் இதழைச் சேர்த்தால் மற்றைய ஓசை வரும். முதல் நாட்களில் இதழ் குவிந்தவுடன் நாவும் பின்னே ஓடப் பார்க்கும். நாநுனியைக் கீழ்ப்பல்லின் பின்புறத்தில் ஊன்றி வைத்துக்கொண்டால் ஓடாது.