வழி மாறினும் ஊர் மாறாது

மாரி வெள்ளம் புலிபாய்ந்தகல் வீதியை மூடினால், கிரான் மக்கள் படகேறிச் செல்வர். வழி மாறுமேயன்றிச் சேரும் ஊர் மாறுவதில்லை. சென்ற வாரம் எம் இல்லம் புகுந்த புதிய மடிக்கணினி இவ்வுண்மையை எமக்கு மீண்டும் உணர்த்தியது.

1995 இல் 'விண்டோஸ் 95' உடன் வந்த 'ஸ்டார்ட்' பொத்தான் நெடுங்காலம் திரையின் இடப்புறக் கீழ்மூலையிலே குடியிருந்தது. 2021 இல் வெளிவந்த 'விண்டோஸ் 11' அதனை நடுவே நகர்த்திவிட்டது. எம் கையோ பழைய மூலையையே நாடி ஏமாந்தது. எம் மகள் நகைத்தவாறே அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதனை இடப்புறத்திலே சேர்த்தாள்.

ஆயின், எம்மைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. காலஞ்சென்ற எம் தந்தையார் தட்டெழுதிவைத்த குடும்பக் குறிப்பைத் திறந்தோம். தமிழைக் காணோம், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே நிறைந்திருந்தன! எம் நெஞ்சு பதைத்தது.

அவர் எழுதியது 'பாமினி' எழுத்துருவில். ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை அமர்த்தும் முறை அது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலமே தோன்றும். அதனை நிறுவ மறந்தது எம் பிழையே. நிறுவியதும் தந்தையாரின் சொற்கள் உயிர்பெற்று எழுந்தன. உடனே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினோம். அதிலே தமிழுக்கெனத் தனி எண்கள் உள.

அன்பர்களே! பொத்தான் இடம்மாறினால் கை பழகிக்கொள்ளும். முன்னோர் எழுத்தோ அவ்வாறன்று. பழைய கணினி ஓயுமுன் அதன் கோப்புகளைத் திறந்து பார்த்து மாற்றிவையுங்கள். படகு உள்ளபோதே அக்கரை சேர்தல் நன்றன்றோ!