பட்டை உரித்த கைகள்

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் பார்க்கும் எங்களுக்குத் தேக்கடிக் காடு அடுத்த மாநிலத்துச் சமாச்சாரம் அல்ல. பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி லோயர் கேம்ப்பைத் தாண்டி வந்தால்தான் எங்கள் நாற்றங்காலில் விதை விழும். 1895இல் கட்டி முடித்த பெரியாற்று அணையைப் பற்றி ஊரே பேசும். அதைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம், வைக்க வேண்டியதுதான். ஆனால் அணைக்கு மேலே மழையை வாங்கி, சிறுகச் சிறுகக் கசியவிடும் காட்டையும் அதைக் காப்பவர்களையும் பற்றி இளையவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

தேக்கடிக் காடு 1978இல் புலிகள் காப்பகமான பிறகும் அங்கே வயணப் பட்டை, அதாவது காட்டு இலவங்கப் பட்டை, திருட்டு நிற்கவில்லை. மரத்தைச் சாய்த்துப் பட்டையை உரித்து, தலைச்சுமையாக இருட்டில் இறக்குவார்கள். பிடிபட்டால் வழக்கு. வழக்குச் செலவுக்கு மறுபடியும் காட்டுக்குத்தான் போக வேண்டும். காசு பார்த்ததெல்லாம் பட்டையை வாங்கிய வியாபாரிதான்.

1996இல் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை இந்தப் பட்டை திருடியவர்களையே கூப்பிட்டுப் பேசியது. தொழிலை விட்டவர்கள் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திப்போகும் வழிகாட்டிகள் ஆனார்கள். யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறி, எவ்வளவு நேரத்துக்கு முன்னால் கடந்தது என்று சொல்லிவிடுவார்கள். திருடர் எங்கே தங்குவார், எந்த ஓடை வழியாக நழுவுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவுக்குத்தான் இப்போது சம்பளம்.

அங்குள்ள மன்னான், பளியர் பழங்குடிகளின் கதை வேறு. கொடியில் மிளகு பழுக்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கடனில் மாட்டியிருந்தார்கள். குழு அமைத்துக் கடனை அடைத்த பிறகு, தங்கள் மிளகைத் தாங்களே சேர்ந்து விற்றார்கள். எல்லையோரத்துப் பெண்கள் வசந்த சேனை என்று சேர்ந்து, கூலி கேட்காமல் முறைவைத்து ரோந்து போனார்கள். பயணிகள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு கருவூலத்துக்குப் போகாமல் காட்டுக்கும் இந்த மக்களுக்கும் செலவாகட்டும் என்று 2004இல் பெரியாறு அறக்கட்டளையும் வந்தது. அந்த ஏற்பாடு இல்லையென்றால் மற்றதெல்லாம் நிலைத்திருக்காது என்றே நினைக்கிறேன். பயணிகளால் குமுளி விடுதிக்காரர்கள் சம்பாதிப்பதை வைத்து மலைக்குடிகளும் பிழைத்துவிட்டார்கள் என்று கணக்குப் போடக் கூடாது.

நம் பக்கத்திலும் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்திருக்கிறது. வைகை பிறக்கும் மலை அது. வருசநாட்டு மேட்டில் தலைமுறையாகப் பாடுபடுகிறவர்கள் வெளியேற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். காவல் வேலையில் அவர்கள் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், வரும் கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் எல்லைக்கல் நட வேண்டும்.