படகுக்கு எந்தப் படுதா?

புரட்டாசி பிறந்தால் போதும், நொச்சிக்குப்பத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்துவிடும். "மாப்ள, உங்க ஊருல படுதா இன்னா விலை போவுது?"

நந்தனம் ஆர்ட்ஸ் காலேஜில் என்னோடு படித்தவன். அவன் திரும்பக் கடலுக்கே போனான், நான் மதுராந்தகம் பக்கம் இருக்கிற எங்கள் கழனிக்கே திரும்பினேன். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே லூப் ரோடு ஓரமாக வரிசையாக ஃபைபர் போட்டுகள் ஏற்றி வைத்திருப்பார்களே, அதில் ஒன்று அவனுடையது. முப்பது அடி.

முதல் தடவை அவன் படுதா கேட்டபோது என் வீட்டுக்காரி சிரித்தாள். "தண்ணியிலயே கிடக்குற சாமானுக்கு மழைக்கு எதுக்குப் போர்வை?" நானும் அப்போது சிரித்தேன். அது எவ்வளவு சரியான கேள்வி என்று விளங்க எனக்கு ஒரு புயல் வேண்டியிருந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்று பேப்பரில் வரும். அது காசிமேடு மாதிரி இடத்தில் இருக்கிற விசைப்படகுகளுக்கு. நொச்சிக்குப்பத்து சின்னப் போட்டுகளுக்கு ஓய்வுகாலம் என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். வாடைக்காற்று ஆரம்பித்து அலை தூக்கினால், வாரக்கணக்கில் போட்டு கரையிலேயே கிடக்கும். என்ஜினையும் வலையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். போட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

2022இல் நான் பெரிய மனிதனாக ஆலோசனை சொன்னேன். படுதா விஷயத்தில் விவசாயிக்குத் தெரியாததா? சொர்ணவாரி அறுப்பு ஆவணி, புரட்டாசியில் வரும், மழையும் கூடவே வரும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து ஓடிப்போய் மூடிய அனுபவம் இருக்கிறது. அதனால் இருப்பதிலேயே கனமான, ஓரத்தில் பித்தளை வளையம் அடித்த நீலப் படுதாவாகப் பார்த்து வாங்கினேன். ஒரு சொட்டு இறங்கக் கூடாது, காற்றும் புகக் கூடாது, நாலு பக்கமும் இழுத்துக் கட்டி முளை அடி என்றேன். நானே பஸ்ஸில் போய், கூட நின்று கட்டினேன். அவனுடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்த பிள்ளை ஆசையாகச் செய்கிறானே என்று விட்டிருப்பார்.

அந்த டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. கட்டு ஒன்று அறுந்து, படுதாவுக்குள் காற்று புகுந்து, அது பாய் மாதிரி உப்பியிருக்கிறது. மற்ற மூன்று பக்கமும் நான் முடிச்சுப் போட்ட உறுதி! படுதா கிழியவில்லை, போட்டைத்தான் இழுத்தது. அண்டக்கட்டையிலிருந்து சரிந்து பக்கத்துப் போட்டின் மேல் போய் இடித்து, இடது விலாவில் ஒன்றரை அடிக்கு விரிசல். படுதா நல்ல விலைக்கு வாங்கியது, அதற்கு ஒரு கீறல் இல்லை.

விரிசலுக்குக் கண்ணாடி இழை மேட்டு வைத்து ரெசின் பூசி ஒட்ட வேண்டும். ஈரத்தில் அது பிடிக்காது. கடல் அமைதியாகி மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், இவன் வெயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் வரத்து குறைவு, மீன் விலை நன்றாக இருக்கும், ஒரு நாள் போனாலும் காசு. அந்த நாட்களெல்லாம் என் முடிச்சால் போனவை. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் தை பிறக்கும்வரை போன் எடுக்கவே கூச்சப்பட்டேன்.

பொங்கல் முடிந்து போனபோது பெரியவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் சொன்னதை இங்கே எழுதத்தான் இந்தப் பதிவு.

கட்டுமரக் காலத்தில் போர்வையே கிடையாதாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். குடித்த தண்ணீர் வற்றினால்தான் மறுபடி மிதக்கும். அதற்கு வெயில்தான் வைத்தியம். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் பெருகியது. ஃபைபருக்கு நேர் எதிர், வெயில்தான் வியாதி. மேலே இருக்கிற வழவழப்பான பூச்சு வருஷக்கணக்கில் காய்ந்தால், கை வைத்துத் தேய்க்கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அது போனபின் உள்ளே இழை தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் தண்ணீர் குடிக்கும்.

மழை? மழை ஒன்றும் செய்யாது. தேங்கினால்தான் தொல்லை. முப்பதுக்கு ஆறு என்றால் 180 சதுர அடி, கிட்டத்தட்ட 17 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை அடித்தால் 1,700 லிட்டர், ஒன்றே முக்கால் டன்னுக்குப் பக்கம். போட்டு இரண்டு முனையும் ஒடுங்கியது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் போட்டில் நின்றாலும் சரி, தொய்ந்த படுதாவில் நின்றாலும் சரி, பாரம் பாரம்தான். அதற்குப் போர்வை தேவையில்லை. பின்பக்கம் அடைப்பைக் கழற்றி விட்டு, முன்பக்கத்தை ஒரு சாண் தூக்கி வைத்தால் தானாக ஓடிவிடும்.

"நீ நெல்லு மூட்ற மாதிரி மூட்ன, நைனா. நெல்லுக்கு மழ ஆவாது. இதுக்குக் காத்து ஆவாது" என்றார்.

ஆக, எது வேண்டும்? நிழல் வேண்டும், காற்று ஊடுருவிப் போக வேண்டும், கடல் அடங்கிய காலையில் ஐந்து நிமிஷத்தில் அவிழ்க்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

தென்னங்கீற்று நல்ல நிழல், சூடு ஏறாது. ஆனால் சரியாக இந்த மாசத்தில்தான் தீபாவளி வரும். ஒரு ராக்கெட் போதும். கித்தான் மூச்சு விடும், நனைந்தால் இரண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாது, காயவிடாமல் மடித்தால் பூஞ்சை. ஃப்ளெக்ஸ் பேனர் ஓசியில் கிடைக்கும். அந்த வரிசையில் பாதிப் போட்டு அதைத்தான் போர்த்தியிருக்கிறது, ஏதோ ஒரு தலைவர் கைகூப்பியபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெயிலில் கொஞ்ச நாளில் நொறுங்கிவிடும், காற்றுக்கு அதுவும் படுதா மாதிரி உப்பத்தான் செய்யும்.

கடைசியில் என் வீட்டிலேயே இருந்தது. மிளகாய் நாற்றுக்குப் போடுகிற பச்சை நிழல்வலை. 75 சதவீத நிழல் தருகிற ரகம். மழை உள்ளே இறங்கும், இறங்கட்டும். காற்று துளை வழியாகப் போய்விடும். உள்ளே புழுங்காது.

கட்டுகிற விதத்தைப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். நீளவாக்கில் ஒரு மூங்கிலைக் கூரை முகடு மாதிரி உயர்த்தி வைத்து, அதன் மேல் நிழல்வலை. அதற்கு மேல் ஒரு பழைய மீன்வலை, படபடக்காமல் அமுக்க. ஓரத்தில் முளை அடிக்கவே கூடாது, கயிற்றைப் போட்டிலேயே கட்டு, கீழே மணல் நிரப்பின பிளாஸ்டிக் புட்டிகளைத் தொங்கவிடு. முடிச்சு ஒரு இழுப்பில் அவிழ வேண்டும். புயல் என்று சொல்லிவிட்டால் போர்வையை முதலில் உருவிவிட வேண்டும். உள்ளே நாலு மணல் மூட்டை போட்டு, முடிந்தால் ரோட்டு ஓரத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அப்படித்தான் செய்தார்கள். சென்னையே தண்ணீரில் கிடந்தது, இவன் போட்டில் தண்ணீர் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலுக்கும் அதே மாதிரி உருவிவிட்டு ஏற்றினார்கள். கயிறு உரசின அடையாளம் தவிர ஒன்றும் இல்லை.

நானும் ஒன்று மாற்றிக்கொண்டேன். நெல் அம்பாரத்தை மூடினால் இப்போதெல்லாம் மழை விட்ட மத்தியானத்தில் இரண்டு முனையையும் தூக்கிக் கட்டி விடுகிறேன். மூடியே வைத்தால் நெல் வேர்க்கும், அடியில் சூடேறி நிறம் மாறும். தெரிந்ததுதான், ஆனால் மழை பயத்தில் செய்ய மாட்டேன்.

அந்த நீலப் படுதா இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவனே திருப்பிக் கொடுத்தனுப்பினான், கூடவே ஒரு பையில் நெத்திலிக் கருவாடும். இந்த வருஷம் நிழல்வலை ஓரம் நைந்துவிட்டதாம். மிளகாய் நாற்று பிடுங்கியதும் எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.